இருபத்துநாலாவது கொக்கு

சனிக்கிழமை காலை, கிணற்றடியில் கோணியை விரித்து, அங்கம்மாள் சொல்தா வீட்டு வெள்ளிக் கரண்டிகளைத் தேய்க்க உட்கார்ந்தாள். ஒரு கொட்டாங்கச்சியில் சலித்த செங்கல் தூள், இன்னொன்றில் ஊறின புளி, கையில் தேங்காய் நார். கோடுகளுக்குள் நோண்டுவதற்கென்று ஒடித்து வைத்த தென்னை ஈர்க்கு நாலைந்து, பழக்க தோஷத்துக்குப் பக்கத்தில் கிடந்தன. நோண்டுவதற்கு இப்போது கோடு எதுவும் மிச்சம் இல்லை.

ஒரு காலத்தில் ஒவ்வொரு கரண்டியின் காம்பு நுனியிலும் கட்டைவிரல் நகத்தளவுக்கு ஒரு கேடயம் செதுக்கியிருந்தது. கேடயத்துக்குள் ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு. தூக்கின காலில் உருண்டையாக எதையோ பிடித்திருக்கும். அது கல் என்பாள் வீட்டுக்கார அம்மா ஆனந்தமேரி. காவல் நிற்கிற கொக்காம். கண் அசந்தால் கல் நழுவிக் காலில் விழுந்து எழுப்பிவிடுமாம். கடலோரத் தேங்காய்த்திட்டில் பிறந்து வளர்ந்த அங்கம்மாளுக்குக் கொக்கு எதைப் பிடிக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அது நண்டும்மா," என்பாள்.

"நண்டை யாராவது வெள்ளியில அடிப்பாங்களாடி?"

"கொக்கை மட்டும் அடிக்கலாமா?"

அந்தக் கேடயத்துக்கு ஆனந்தமேரி வைத்திருந்த பெயர் 'ஆர்ம்'. பிரெஞ்சுப் பேச்சு. பெரிய வம்சம் என்றால் அதற்கு ஒரு ஆர்ம் இருக்கும் என்பாள். உண்மையில் கொக்கு ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துடையது. ஆனந்தமேரியின் தாத்தா அந்த வீட்டில் கணக்கெழுதினவர். அவர்கள் கப்பல் ஏறும்போது இருபத்துநாலு கரண்டியையும், சிவப்பு வெல்வெட்டு வைத்த மரப்பெட்டியையும் அவருக்குக் கொடுத்து, பத்திரம் பதிகிற நொத்தேரிடம் ஒரு பட்டியலும் எழுதி, கீழே அரக்கில் அதே கொக்கு முத்திரையைக் குத்திவிட்டுப் போனார்கள். தாத்தா அதை 'துரை வீட்டு ஆர்ம்' என்றார். அப்பா 'வீட்டு ஆர்ம்' என்றார். ஆனந்தமேரி 'எங்க ஆர்ம்' என்றாள். அவள் புருஷன் அலெக்சாண்டர் மட்டும் அவ்வப்போது சீண்டுவார்: "மேரி, உங்க தாத்தாவுக்கும் அந்தக் கொக்குக்கும் எந்த வழியில சொந்தம்?"

அலெக்சாண்டர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்து, சைகோனிலிருந்து ஒரு நெஞ்சுச் சளியையும் பென்ஷனையும் கொண்டுவந்தவர். பட்டாளத்துப் பென்ஷன்காரரைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். அதனால் அது சொல்தா வீடு.

பெட்டியில் இப்போது இருந்தவை இருபத்துமூன்று. ஒன்று எட்டு வருஷத்துக்கு முன்னால் காணாமல் போனது. அப்போது வெள்ளி தேய்க்கிறவள் சொர்ணம். அங்கம்மாள் அடுக்களையில் பற்றுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆனந்தமேரி எண்ணிப் பார்த்து ஒன்று குறைகிறது என்று கண்ட அன்றைக்கே, பத்து வருஷம் வேலை செய்த சொர்ணத்தைத் தலைமுடியைப் பிடிக்காத குறையாக வெளியே தள்ளினாள். தெருவே வேடிக்கை பார்த்தது. "திருடி" என்ற சொல் சொர்ணத்தோடு முதலியார்பேட்டை வரைக்கும் நடந்து போய், அங்கேயே தங்கிவிட்டது.

எடுத்தது அங்கம்மாள்.

திருட வேண்டும் என்று எடுக்கவில்லை. குழந்தை வசந்தாவுக்கு ஒரு வயசு, மாந்தம் கண்டு கண் சொருகிக் கிடந்தது. மருந்தைக் கரண்டி அளவு கொடு, கூடக் குறைய ஆகிவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்தது அகப்பை. இரண்டு நாளைக்கு என்று, சொர்ணம் தேய்த்துக் காயவைத்திருந்ததில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு போனாள். குழந்தை பிழைத்தது. திருப்பி வைக்க மடியில் சொருகிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்த நேரம், சொர்ணம் தெருவில் நின்று மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். அங்கம்மாளுக்கு வாய் வரவில்லை. அன்று வராதது அப்புறம் எந்த நாளும் வரவில்லை. கரண்டி துணியில் சுற்றி, அரிசிப் பானைக்குப் பின்னால், சுவர் மாடத்துக்குள் போய்விட்டது. அவள் அதைத் தேய்த்ததும் இல்லை, பிரித்துப் பார்த்ததும் இல்லை.

சொர்ணத்தின் வேலை அங்கம்மாளுக்கு வந்தது. சொர்ணம் பஞ்சும் சீமைச் சுண்ணாம்புத் தூளும் வைத்துப் பூ மாதிரித் துடைப்பாள். கோட்டுக்குள் கறுப்பு நின்றுவிடும், அதில்தான் கொக்கு எடுப்பாகத் தெரியும். அங்கம்மாளுக்குக் கறுப்பு என்றால் அழுக்கு. முதலில் திருநீறு கொண்டுவந்து போட்டாள். "கிறிஸ்துவ வெள்ளிக்கு விபூதியாடி?" என்று ஆனந்தமேரி கத்தினாள். பிறகு யாரும் கேட்காத செங்கல் தூளுக்கு வந்தாள். ஆனந்தமேரிக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்த காலம். கரண்டியை வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பாள். கைக்குட்டையில் கறுப்பு இல்லை என்றால் முகம் மலரும். "சொர்ணம் தேய்ச்சப்ப எப்பவும் கறுப்பு ஒட்டும். உன் கைதான் கை."

முதலில் நண்டு போயிற்று. அப்புறம் தூக்கின கால். அப்புறம் கேடயத்தின் கரை. வாரத்துக்கு ஒரு தேய்ப்பு, எட்டு வருஷம். போன மழைக்காலத்தில் கடைசிக் கொக்கின் அலகும் போய்விட்டதை அங்கம்மாள் கட்டைவிரலால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

அந்தக் காலமும் கரண்டிகளை எடுத்துப் பார்க்கிற காலமாக இல்லை. பிரெஞ்சுக்காரன் போய் சர்க்கார் மாறி நாலு மாசம். கடற்கரையில் கொடி மாறியாயிற்று; ஆபீஸ்களில் வடக்கேயிருந்தும் மெட்ராஸிலிருந்தும் வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் மூன்று வீடு பூட்டிக் கிடந்தது. சனிக்கிழமை சீட்டாட வருகிற பழைய சொல்தாக்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள் காலையில் வாசல் கதவில் கரியால் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தது. பிள்ளைகள் கிறுக்கினது என்று அலெக்சாண்டர் சொன்னார். சொல்லிவிட்டு அவரே வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு, யாரும் பார்ப்பதற்குள் கழுவினார். மறுநாள் அதே இடத்தில் மறுபடியும் இருந்தது.

அங்கம்மாள் பதினேழாவது கரண்டியைக் கையில் எடுத்தபோது பின்வாசல் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. காக்கி நிக்கரும் சிவப்புத் தொப்பியுமாக ஒரு போலீஸ்காரர் நின்றார். வேர்த்து வழிந்தது.

"ஏம்மா, கொஞ்சம் தண்ணி குடேன்."

சொம்பில் மொண்டு கொடுத்தாள். ஒரு துண்டு வெல்லமும் வைத்தாள். ஆள் விழுப்புரத்துப் பக்கம், பெயர் காசிலிங்கம். மாற்றலாகி வந்து இருபது நாள். பேச்சு அவள் வீட்டுப் பேச்சு மாதிரியே இருந்ததில் அங்கம்மாளுக்கு மனசு இளகியது. வீட்டில் யார் யார், எந்த ஊர் என்று கேட்டார். அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருப்பதையும் ஐயா மாடியில் படுத்திருப்பதையும் சொன்னாள். தண்ணீரைக் குடித்து முடித்து, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி அவர் கேட்டார்.

"பட்டாளத்துக்காரர் வீடாச்சே. ஆர்ம்ஸ் எதுனா வெச்சிருக்காரா?"

"ஆர்மா? இல்லாம என்னா? இருபத்துநாலு இருக்குது."

காசிலிங்கம் சொம்பைக் கீழே வைத்தார். "இருபத்துநாலா?"

"நாந்தானே தேய்க்கிறேன், சனிக்கு சனி. எதுலயாவது ஒரு பொட்டு கறுப்பு காட்டுங்க பாப்போம்."

"எங்க வெச்சிருக்காங்க?"

"நடுக்கூடத்துல மரப்பொட்டி. வெல்வெட்டு போட்டு அடுக்கி வெச்சிருக்கும். சாவி அம்மா இடுப்பை விட்டு எறங்காது."

"ஏது அவ்வளவு?"

"பிரெஞ்சுக்காரன் போகும்போது குடுத்துட்டுப் போனதுங்க. காயிதம்கூட எழுதி, அரக்கு வெச்சிக் குடுத்திருக்கான்."

"வெளிய எடுக்கிறதே இல்லியா?"

"முன்னெல்லாம் ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சுக்காரன் திருநாளுக்கு எடுப்பாங்க. பெரிய பெரிய ஆளுங்க வருவாங்க, வீடே அதிரும். இப்ப எங்க? சர்க்கார் மாறினதுல இருந்து பொட்டிக்குள்ளதான். நேரம் வரட்டும், எல்லாத்தையும் ஒரு நாளைக்கு வெளிய எடுக்கலாம்னு ஐயா சொல்லிக்கிட்டே கீறாரு."

காசிலிங்கம் அவளை ஒரு தினுசாகப் பார்த்தார். கிணற்றடிக் கோணி மேல் வெயிலில் மின்னிக்கொண்டிருந்த கரண்டிகளை அவர் பார்க்கவே இல்லை. வெல்லத்தை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "வரேம்மா," என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

நல்ல மனுஷன், என்று நினைத்தபடி அங்கம்மாள் பதினெட்டாவதை எடுத்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர், அவருக்குப் பின்னால் காசிலிங்கம், இன்னும் மூன்று பேர். செருப்புச் சத்தத்தோடு நேராக நடுக்கூடத்துக்கு வந்தார்கள். இன்ஸ்பெக்டர் மரியாதை தெரிந்தவர்தான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை, அவ்வளவே. மொட்டைக் கடிதம் ஒன்று வந்திருந்ததாம்: பழைய சொல்தாக்கள் ஆயுதம் பதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று. தெருத் தெருவாக விசாரிக்கிறார்களாம்.

"இருபத்துநாலு ஆயுதம் இருக்குன்னு உங்க வீட்டு வேலைக்காரியே சொல்லியிருக்கா. அந்தப் பெட்டியைத் திறங்க."

அங்கம்மாள் அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆயுதம் என்ற சொல் அவள் காதில் விழுந்தது. அதற்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்று புரிவதற்குள் பெட்டி திறந்துவிட்டது.

அலெக்சாண்டர் முதலில் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும் சொன்னார்: "மிஸ்யே, இது கரண்டி. சூப்பு குடிக்கிற கரண்டி. ஆர்ம்னு சொன்னது இதுல இருக்கிற வம்சக் குறியை. மேரி, அந்தக் காயிதத்தை எடு."

நொத்தேர் எழுதிய பட்டியல் வந்தது. பழுப்பேறி, மடிப்பில் கிழிந்திருந்தது. அலெக்சாண்டர் விரலை வைத்துப் பிரெஞ்சில் படித்தார். கடைசி வார்த்தைக்கு வந்ததும், பட்டாளத்தில் ஆயிரம் தரம் கேட்டுப் பழகின வார்த்தை அல்லவா, குரல் தன்னால் உயர்ந்தது. "ஓஸார்ம்!" துப்பாக்கியை எடு என்று அணிவகுப்பில் கூவுகிற அதே தோரணை. பின்னால் நின்ற போலீஸ்காரர் ஒருவர் ஒரு அடி பின்வாங்கினார்.

இன்ஸ்பெக்டர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனா இந்த வார்த்தை இங்கிலீஷ்ல எழுதற மாதிரிதான் இருக்கு. ஆர்ம்."

"துப்பாக்கிக்கும் அதே சொல்லுதான். வம்சக் குறிக்கும் அதே சொல்லுதான்."

"ரெண்டுக்கும் ஒரே சொல்லா? வசதியாத்தான் இருக்கு." அவர் குனிந்து ஒரு கரண்டியை எடுத்தார். "சரி, குறியைக் காட்டுங்க."

ஆனந்தமேரி முந்திக்கொண்டு கரண்டியை வாங்கினாள். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். விரலால் தடவினாள். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். மூன்றாவதை எடுத்தாள். வெள்ளி வெல்வெட்டில் படுகிற மெத்தென்ற ஒலிதான் திரும்பத் திரும்பக் கேட்டது. ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் திருப்பினாள். இருபத்துமூன்று காம்புகளும் குழந்தையின் நகம் மாதிரி மழமழவென்றிருந்தன.

"இருந்துச்சு," என்றாள். "கொக்கு. ஒத்தைக் காலுல நிக்கும். இதோ காயிதத்துல பாருங்க, அரக்குல."

அரக்கு பாதி உதிர்ந்திருந்தது. கொக்கின் கழுத்தும் தூக்கின காலும் தப்பியிருந்தன.

"காயிதத்துல கொக்கு இருக்கு. ஒத்துக்கறேன். ஸ்பூன்ல எங்க?" இன்ஸ்பெக்டர் எண்ணினார். வேகமாக எண்ணி, சந்தேகத்துக்கு இன்னொரு தரம் மெதுவாக எண்ணினார். "இருபத்துமூணு இருக்கு. காயிதத்துல இருபத்துநாலு. வேலைக்காரி சொன்னதும் இருபத்துநாலு. ஏம்மா, இங்க வா. எத்தனைன்னு சொன்னே நீ?"

அங்கம்மாள் அடுக்களைக் கதவை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"இருபத்துமூணுதாங்க," என்றாள் ஆனந்தமேரி. "ஒண்ணு எட்டு வருஷத்துக்கு முன்னாடியே திருடு போச்சு. இவளுக்கும் தெரியும். அதுக்கப்புறம் சனிக்கு சனி எண்ணி எண்ணித்தானே..." அங்கே பேச்சு நின்றது. ஆனந்தமேரி மெல்லத் திரும்பி, புரை விழுந்த கண்ணைச் சுருக்கிக்கொண்டு அங்கம்மாள் நின்ற பக்கம் பார்த்தாள்.

அவர்கள் வீட்டைப் புரட்டினார்கள். நெல் குதிர், புத்தக அலமாரி, மாதா படத்துக்குப் பின்னால், கிணற்றுக்குள் கூட. ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததே அவர்களுக்குக் கூடுதல் சந்தேகமாகிவிட்டது. எங்கேயோ கடத்தியாயிற்று என்று ஒருவர் சொன்னது அங்கம்மாள் காதில் விழுந்தது.

"ஐயா எங்களோட வரட்டும். பேசிட்டு அனுப்பறோம்," என்றார் இன்ஸ்பெக்டர். வாசலில் நின்று ஆனந்தமேரியிடம் தணிந்த குரலில் சொன்னார்: "அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. திங்கட்கிழமை காலைல ரிப்போர்ட் மேல போவணும். அதுக்குள்ள அந்தக் குறி இருக்கிற ஸ்பூன் ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. அரக்கோட ஒத்துப் பாத்துட்டு நானே கிழிச்சுப் போட்டுடறேன். இல்லேன்னா என் கையில இல்ல. மெட்ராஸ் போவணும், கேஸ் ஆகும், எப்ப முடியும்னு எனக்கே தெரியாது."

அலெக்சாண்டர் கோட்டை மாட்டிக்கொண்டார், பொத்தான் மாற்றிப் போட்டபடி. ஜீப்பில் ஏறும்போது இருமினார். தெருவில் பாதிக் கதவுகள் அரைகுறையாகத் திறந்து, மூடிக்கொண்டன.

அன்று ஆனந்தமேரி அவளிடம் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம். "நீ போ," என்று மட்டும் சொன்னாள். அங்கம்மாள் பொழுது சாய்வதற்குள் கிளம்பினாள்.

தேங்காய்த்திட்டுக்கு முதலியார்பேட்டை வழியாகத்தான் போக வேண்டும். முனையில் சொர்ணம் பயறு சுண்டல் விற்றுக்கொண்டிருந்தாள். எட்டு வருஷமாக இருவரும் பேச்சில்லை. அங்கம்மாள் எப்போதும் எதிர்ப்பக்கமாக நடந்து போய்விடுவாள். இன்று கால் எந்தப் பக்கம் போகிறது என்று அவள் பார்க்கவில்லை.

"இன்னாடி அங்கம்மா, தரையைப் பாத்துக்கிட்டே போற? எதுனா கரண்டி கிரண்டி தொலைச்சியா?"

அங்கம்மாள் நின்றுவிட்டாள்.

"சொல்தாவை ஜீப்புல ஏத்திட்டாங்களாமே. ஊரே பேசுது. நல்லா வேணும் அந்த மகராசிக்கு. என்னை எண்ணச் சொன்னாளே, எண்ணு எண்ணுன்னு. இன்னிக்கு அவ புருஷனை போலீஸ் எண்ணுது." சொர்ணம் சிரித்தாள். அதற்குள் சிரிப்பு போய்விட்டது. "அந்த மனுசன் நல்ல மாதிரி. அன்னிக்கு அவருதான் உள்ளேர்ந்து ஓடியாந்து, விடு மேரி விடுன்னாரு. பாவம், இருமுவாரே. ...சுண்டல் வாங்கிக்கோடி. புள்ளைக்குக் குடு. வசந்தாதானே பேரு? அதுக்கு மாந்தம்னு நான் அன்னிக்கு வேப்பெண்ணெய் குடுத்தனுப்பினேனே, ஞாபகம் கீதா?"

ஞாபகம் இருந்தது. இலையில் மடித்த சுண்டலை வாங்கிக்கொண்டு அங்கம்மாள் நடந்தாள். அது கையில் சூடாக இருந்தது.

வீட்டில் முருகையன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் புருஷன் அதிகம் பேசாதவன். அரிசிப் பானையை நகர்த்தி, மாடத்துக்குள் கைவிட்டு, துணிப்பொட்டலத்தை எடுத்து அவன் முன்னால் வைத்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எட்டு வருஷமாக அவனிடமும் சொல்லாததை.

அவன் பிரித்துப் பார்த்தான். கரண்டி கரிக்கட்டை மாதிரிக் கறுத்துக் கிடந்தது. காம்பு நுனியில், கறுப்புக்குள் கறுப்பாக, கொக்கு நின்றது. ஒவ்வொரு இறகும் தெரிந்தது. தூக்கின காலில் உருண்டை. அங்கம்மாள் குனிந்து பார்த்தாள். உருண்டைக்குக் கால்கள் இல்லை, கொடுக்கு இல்லை. கல்தான்.

"கடல்ல போட்டுடு," என்றான் முருகையன்.

"போட்டா?"

"போட்டா ஒண்ணும் இல்ல. அவங்க பணம் காசு உள்ளவங்க, வக்கீல் வெச்சி வெளிய வந்துடுவாங்க. நீ இதைக் கொண்டுபோய் நீட்டினா, கைவெலங்கு உனக்கு. இன்னி வரைக்கும் சொர்ணம் திருடி. நாளையிலேர்ந்து நீ. நாளைக்கு வசந்தாவுக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப எவன் வருவான்?"

"ஐயாவுக்கு நெஞ்சுல சளி."

"உனக்கு நெஞ்சுல என்னா?"

வசந்தா சுண்டலைத் தின்றுவிட்டு இலையை நக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயசு. இந்தக் கரண்டியில் மருந்து குடித்துப் பிழைத்த வாய்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முருகையன் கட்டுமரத்தோடு போனபிறகு அவள் பொட்டலத்தை மடியில் சொருகிக்கொண்டாள். கரைக்கு ஒரு நடை போனாள். அலை வந்து காலை நனைத்தது. மீன் ஏலம் விடுகிற இடத்தில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. தெரிந்தவள் ஒருத்தி, "இன்னா இந்தப் பக்கம், இன்னிக்கு வேலைக்குப் போவலியா?" என்று கேட்டாள்.

"போறேன்," என்றாள் அங்கம்மாள். சொன்னபிறகுதான் தான் போகப் போவது அவளுக்கே தெரிந்தது.

ஆனந்தமேரி சம்பா மாதா கோவிலில் முதல் பூசை கண்டு அப்போதுதான் வந்திருந்தாள். தலை முக்காட்டை இன்னும் எடுக்கவில்லை. நடுக்கூடத்து மேஜை மேல் பெட்டி நேற்றுத் திறந்தபடியே இருந்தது. இருபத்துமூன்று கரண்டிகளையும் வரிசையாக வெளியே அடுக்கி வைத்து, ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள். அங்கம்மாள் வந்து நின்றதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எதைப் போட்டுத் தேய்ச்ச?"

"செங்கல் தூளும்மா."

"எட்டு வருஷமா?"

"ஆமா."

ஆனந்தமேரி தலையை ஆட்டினாள். தனக்குத்தானே ஆட்டிக்கொள்கிற மாதிரி. "நான்தான் கறுப்பு இருக்கக் கூடாதுன்னு சொன்னேன்," என்றாள். பிறகு நிமிர்ந்தாள். "பெட்டியில இருக்கிறது இருபத்துமூணு. தேய்க்கிறது நீ. இருபத்துநாலுன்னு எப்படி சொல்ல வந்துச்சு உனக்கு?"

அங்கம்மாள் மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து, வரிசையின் கடைசியில், இருபத்துமூன்றாவதுக்குப் பக்கத்தில் வைத்து, துணியைப் பிரித்தாள்.

வெளியே யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். ஆனந்தமேரி கறுத்த கரண்டியை எடுக்கவில்லை. விரல் நுனியை மட்டும் காம்பில் வைத்தாள். விரல் கழுத்தில் ஏறி, இறகில் இறங்கி, தூக்கின காலுக்கு வந்து கல்லில் நின்றது. நொத்தேர் காகிதத்தை இழுத்து அரக்கின் மேல் அதே விரலை வைத்தாள். இரண்டு தரம் அங்கும் இங்கும் போய் வந்தாள். அவள் மூச்சு அங்கம்மாளுக்குக் கேட்டது.

"சொர்ணம்..." என்று ஆரம்பித்தாள். மேலே போகவில்லை.

"புள்ளைக்கு மருந்து குடுக்க எடுத்தேம்மா. ரெண்டு நாளைக்குன்னு. கொண்டாந்தப்ப அவளைத் தெருவுல நிறுத்திட்டீங்க. எனக்கு வாய் வரல." அங்கம்மாள் இன்னும் என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தாள். வழி நெடுக அடுக்கி வைத்துக்கொண்டே வந்தாள். இவ்வளவுதான் வந்தது.

ஆனந்தமேரி எழுந்தாள். கறுத்த கரண்டியைக் காகிதத்தோடு சேர்த்துத் தன் வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றினாள். துணியில் கறுப்பு அப்பியது. முக்காட்டைச் சரிசெய்தாள். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, பகலில் எப்போதும் திறந்தே கிடக்கிற அடுக்களை அலமாரியைப் பூட்டினாள். மெதுவாக, சாவித் துவாரத்தை விரலால் தேடித் தேடிப் பூட்டினாள்.

அப்போதுதான் அங்கம்மாளுக்கு முழுசாக உறைத்தது. ஸ்டேஷனில் கரண்டியைக் காட்டினால் ஐயா வெளியே வருவார். காட்டினவுடன் அவர்கள் ஒன்று கேட்பார்கள். எட்டு வருஷம் வீட்டிலேயே இருந்தது என்றால், நேற்று ஏன் காட்டவில்லை என்பார்கள். வீட்டில் இல்லை என்றால், யாரிடம் இருந்தது என்பார்கள். அந்த ஒரு பதிலில் யாருடைய பெயர் வரும் என்பது இனி இந்த அம்மாவின் வாயில் இருக்கிறது. வெளியே தள்ளப்பட்ட சொர்ணம் முதலியார்பேட்டையில் இருக்கிறாள், பழைய பெயரோடு. தன்னிடம் இன்னும் எந்தப் பெயரும் ஒட்டவில்லை, ஒன்பது வயசுப் பிள்ளை இருக்கிறது.

"அம்மா."

ஆனந்தமேரி வாசலை நோக்கி நடந்தாள்.

"அம்மா, இது எங்க இருந்துச்சுன்னு கேட்டா என்னா சொல்லுவீங்க?"

ஆனந்தமேரி நிலைப்படியில் கை வைத்து, படி எங்கே இருக்கிறது என்று காலால் தடவிப் பார்த்துக்கொண்டு, வெளியே இறங்கிப் போனாள்.